அரை சதவீதக் கதை

அமெரிக்காவில் ஷேல் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கும் நிறுவனங்கள் பல ஆண்டுகளாக ஒரே பாட்டைப் பாடுகின்றன. கிணற்றுக்குள் செலுத்துவதில் 99.5 சதவீதம் நீரும் மணலும்தானாம். ரசாயனம் வெறும் அரை சதவீதமாம். அதுவும் சமையலறைப் பொருள்களாம். கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள்.

இதில் பாதிதான் உண்மை. மணலைச் சுமந்து செல்வதற்காகத் திரவத்தைக் கெட்டியாக்கும் குவார் பசை, நாம் பொரியல் செய்யும் கொத்தவரையின் விதையிலிருந்து கிடைப்பது. ராஜஸ்தான் உழவர்கள் விளைவிப்பது. ஆனால் பாக்டீரியாவைக் கொல்ல அதே திரவத்தில் குளூட்டரால்டிஹைடும் சேர்க்கிறார்கள். மருத்துவமனைக் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் பொருள் அது. குழாயில் உப்பு படியாமலிருக்க எத்திலீன் கிளைக்கால், அடைப்பைக் கரைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம். கொத்தவரையை முன்னே நிறுத்தி இவற்றைப் பின்னே ஒளிப்பது நேர்மையல்ல.

கணக்கையும் பார்ப்போம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தரவுப்படி, 2011-13 காலத்தில் ஒரு கிணற்றுக்குச் செலவான நீரின் நடுமதிப்பு சுமார் 57 லட்சம் லிட்டர். அதில் அரை சதவீதம் 28,000 லிட்டரைத் தாண்டும். நச்சைச் சதவீதத்தில் அளப்பதே பிழை. எடுத்துக்காட்டாக, அந்நாட்டுக் குடிநீரில் பென்சீன் என்னும் நச்சுக்கு வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். அரை சதவீதமோ லிட்டருக்கு 5 கிராம். அந்த வரம்பைப் போல் பத்து லட்சம் மடங்கு. சேர்ப்பதெல்லாம் பென்சீன் அல்லதான். ஆனால் எது நச்சு என்று பாராமல் அளவு குறைவு என்பதை மட்டும் சொல்லி யாரை ஏமாற்றுவது?

பாறை உடைவது இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், குடிநீர் எங்கோ மேலே என்பார்கள். ஆழம் உண்மைதான். ஆனால் ரசாயனம் லாரியில் வந்து, தரைமட்டத்தில் கலக்கப்பட்டு, நிலத்தடி நீரைத் துளைத்துச் செல்லும் குழாய் வழியாகத்தான் இறங்குகிறது. சிந்துவதும், சிமென்ட் உறையில் கசிவதும் மேலேயே நடக்கலாம். சில சூழல்களில் குடிநீர் ஆதாரம் பாதிக்கப்படக்கூடும் என்று அதே முகமை 2016இல் சொன்னபோது சுட்டிக்காட்டிய வழிகளில் இவையும் அடக்கம்.

இவ்வளவு சாதுவான கலவை என்றால் ஒளிப்பானேன்? 2005ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம், டீசல் நீங்கலான பிளப்புத் திரவங்களைப் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டத்தின் பிடியிலிருந்து விடுவித்தது. நிறுவனங்கள் தாம் சேர்க்கும் ரசாயனங்களைத் தாக்கல் செய்யும் ஃப்ராக்ஃபோகஸ் பதிவேட்டை அம்முகமை ஆராய்ந்தபோது, 70 சதவீதத்துக்கும் அதிகமான தாக்கல்களில் ஒரு பொருளாவது தொழில் ரகசியம் என்று மறைக்கப்பட்டிருந்தது. பெயரே தெரியாத பொருளைக் கிணற்று நீரில் எந்தச் சோதனைக்கூடம் தேடும்?

ரசாயனமின்றி வாயு போதிய அளவு வராது என்றால் சேர்க்கட்டும். எதை, எவ்வளவு சேர்க்கிறோம் என்று முன்கூட்டியே அறிவிக்கட்டும். துளையிடுமுன் அக்கம்பக்கத்துக் கிணற்று நீரைச் சோதித்துப் பதிந்து வைக்கட்டும். அதைச் செய்யாதவர்களுக்கு, எங்களை நம்புங்கள் என்று கேட்க உரிமையில்லை.