லிஃப்டுக்கு முன் தரை

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய ஊர்களில், வீட்டோடு சேர்ந்த மெக்கானிக் ஷெட்டுக்குப் பழைய லிஃப்ட் வாங்கும் ஆசை நியாயமானது. மேட்டுப்பாங்கான ஊர்களில் பிட் தோண்டிக்கொள்ளலாம். இங்கே தோண்டினால் உவர்நீர் ஊறும். ஐப்பசி, கார்த்திகையில் குழி நிரம்பிவிடும். ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதைவிட லிஃப்ட் எவ்வளவோ மேல். ஆனால் வாங்குகிறவர் இயந்திரத்தின் விலையை மட்டும் பேரம் பேசுகிறார். இந்தக் கரையில் பணம் முதலில் தரைக்கும், அடுத்து வயர் ரோப்புக்கும், அதற்குப் பிறகே லிஃப்டுக்கும் போக வேண்டும்.

இரண்டு தூண் கொண்ட டூ போஸ்ட் லிஃப்டில் கைகள் தூணை விட்டு நீண்டிருப்பதால், வண்டி ஏறியதும் தூண் உள்பக்கம் சாயப் பார்க்கும். அதை இழுத்துப் பிடிப்பவை பேஸ் பிளேட்டின் ஆங்கர் போல்ட்டுகள். அவை காங்கிரீட்டுக்குள் விரிந்து கவ்வுகின்றன. மணல் நிரப்பி, மெல்லிய ஜல்லிப் படுகை போட்டு, டைல்ஸ் ஒட்டிய வீட்டுத் தரையில் கவ்வுவதற்கு என்ன இருக்கிறது? தரை எவ்வளவு கனம் வேண்டும், எந்தத் தர காங்கிரீட் வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரின் தாள் சொல்லும். அந்தத் தாள் கிடைக்காத லிஃப்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அதோடு காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456:2000, கடற்கரைச் சூழலில் கம்பி கட்டிய காங்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 தரம் கேட்கிறது. கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. கடல்நீரில் அது ஏறத்தாழ 19,000 மில்லிகிராம். உப்பளத்துப் பக்கத்துப் போர்வெல் தண்ணீரைச் சோதிக்காமல் ஊற்றினால், கம்பியைத் தின்னும் உப்பை நாமே உள்ளே வைத்து மூடுகிறோம். துரு பிடித்த கம்பி பருக்கும், காங்கிரீட் வெடிக்கும், வெடித்த இடத்தில் போல்ட்டின் பிடி தளரும்.

கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ பல வருடம் பழுதில்லாமல் உழைத்த லிஃப்ட் இங்கே மட்டும் கெட்டுவிடுமா என்று கேட்பார்கள். கெடும். இரும்பில் படிந்த சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டாலே ஈரத்தை இழுத்துத் தண்ணீராகிவிடும். கடல் உப்போடு வரும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். மழையே இல்லாத மாதத்திலும் இரும்பு நனைந்தபடிதான் இருக்கும். இரண்டு பக்கக் கைகளையும் ஒரே மட்டத்தில் ஏற்றும் வயர் ரோப் தூணுக்குள், கப்பியைச் சுற்றி, கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிறது. மேலே கிரீஸ் பளபளக்கும்போதே உள் இழைகள் அறுந்திருக்கலாம். அதனால் பழைய ரோப்பையும் பழைய ஆங்கர் போல்ட்டையும் மறுபடி பயன்படுத்தவே கூடாது. இன்னொன்று: உப்பு ஏற்றிய வண்டியின் சேஸே அரித்திருக்கும், லிஃப்டின் பேடு வைக்கும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்காமல் தூக்கினால், நல்ல லிஃப்டும் காப்பாற்றாது.

லிஃப்ட் நாலு டன் தாங்கும், கார் ஒரு டன்தானே என்பது இன்னொரு வாதம். நாலு டன் என்பது புது ரோப்போடு, சரியான தரையில் நிற்கும் லிஃப்டின் கணக்கு. பழையதைத் திருத்தாமல் நிறுத்தினால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தூக்கும் கருவிகளை 12 மாதத்துக்கு ஒருமுறை தகுதியானவர் சோதிக்க வேண்டும் என்றது. ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடமானால் 10 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை 20 பேராக்கியது. வீட்டு ஷெட்டைப் பார்க்க யாரும் வர மாட்டார்கள். அடியில் நிற்பவரோ அந்த வீட்டுக்காரர், இல்லையென்றால் அவர் பிள்ளை.

இவ்வளவு செலவு சின்ன மெக்கானிக்குக்குக் கட்டுப்படியாகாது என்பதே கனமான மறுப்பு. அதைத் தள்ளிவிட முடியாது. இடம் இருந்தால் அவருக்கு ஃபோர் போஸ்ட் லிஃப்ட் ஏற்றது. பாரம் நாலு தூண் வழியாக நேராக இறங்குவதால் போல்ட் மீது அந்த இழுப்பு இல்லை. டூ போஸ்ட்தான் வேண்டுமென்றால், இந்த வருடம் தரையை மட்டும் போடட்டும், 28 நாள் நல்ல தண்ணீரில் ஆறட்டும், லிஃப்ட் அடுத்த வருடம் வரட்டும். மாவட்டத் தொழில் மையம் வழியாகக் கடன் கேட்கிறவர், மதிப்பீட்டில் தரைக்கும் ரோப்புக்கும் தனி வரி எழுதிக் கேட்கட்டும்.