எழுந்திருக்க விடாத பாசம்

நம் சிறுகதைகளில் பக்கவாதம் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டே வேலைகள்தான். கூடத்து மூலையில் கட்டிலில் கிடந்தபடி குடும்பத்தின் வீழ்ச்சிக்குச் சாட்சியாக இருக்க வேண்டும். அல்லது படுக்கையிலேயே மலஜலம் கழித்து மருமகளின் பொறுமையை உலகுக்கு நிரூபிக்க வேண்டும். திரைப்படமென்றால் மூன்றாவதாக ஒரு வேலை கிடைக்கும். மகன்மீது கத்தி பாயும் உச்சக்காட்சியில், அந்த அதிர்ச்சியிலேயே எழுந்து நின்றுவிட வேண்டும். கிடப்பதற்கும் நிற்பதற்கும் நடுவே ஒரு மனிதருக்கும் அவரைச் சார்ந்தவர்களுக்கும் என்ன நேர்கிறது என்று எழுதியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அந்த நடுப்பகுதியில் என் தந்தையோடு ஏழு வாரங்கள் இருந்தேன். அதனால் வந்த கோபத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மருத்துவமனையில் ஒன்பதே நாட்களில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு நன்றி. வலது கையும் வலது காலும் அசையவில்லை. வெளியேற்றச் சீட்டின் கடைசி வரி ‘பிசியோதெரபி தொடரவும்’ என்றது. எங்கே, எத்தனை நாள், யாரிடம் என்பதெல்லாம் எங்கள் பாடு. உறவினர்களுக்கோ அந்த ஒரு வரியும் மிகையாகத் தோன்றியது. “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ, உங்கம்மா கையால சாப்பிட்டாலே பாதி தேறிடுவார்” என்றார்கள். நான் அவரை நேரே மறுவாழ்வு மையம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். சித்தப்பா தொலைபேசியில் அழைத்து, “பெத்த அப்பனை ஹோம்ல கொண்டுபோய்த் தள்ளிட்டியேடா” என்றார். உள்நோயாளியாகத் தங்கிப் பயிற்சி பெறும் இடத்துக்கும் முதியோர் இல்லத்துக்கும் நம் மொழியில் ஒரே சொல்தான் புழங்குகிறது என்பதை அன்று அறிந்தேன்.

அங்கே முதலில் திட்டு வாங்கியது நான்தான். இரண்டாம் நாள் காலையில் அப்பாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது பயிற்சி தரும் பெண் வந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். தட்டை என்னிடமிருந்து வாங்கி அவர் முன்னால் வைத்தாள். “நீங்க ஊட்ட ஊட்ட அவர் கை மறந்துபோயிடும் சார். அப்பா, நீங்க எடுங்கப்பா.” இரண்டு இட்லி தின்ன முக்கால் மணி நேரம் ஆயிற்று. சாம்பாரில் பாதி வேட்டியில். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகக் கடினமான பணிவிடை அதுதான்.

அவள் சொன்னதில் தத்துவம் ஏதுமில்லை, அது வெறும் உடற்கூற்று உண்மை. மூளையில் ஒரு பகுதி சேதமுற்றால், எஞ்சிய பகுதிகள் அதன் வேலையை ஓரளவேனும் கற்றுக்கொள்ள முடியும். ஆனால் திரும்பத் திரும்பச் செய்தால்தான் கற்கும். முதல் சில மாதங்களில் அந்த மீட்சி வேகமாக நிகழ்கிறது. பின்னர் முற்றிலும் நிற்பதில்லை என்றாலும் மந்தமாகிவிடுகிறது. ‘கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று நாம் பாசத்தோடு தள்ளிப்போடுவது அந்த மாதங்களைத்தான்.

பாசத்தின் அறியாமை இன்னும் எத்தனையோ விதங்களில் வெளிப்படுகிறது. விழுந்தவரைத் தூக்குகிறேன் என்று செயலற்ற கையைப் பிடித்து இழுக்கிறோம். தசைப்பிடிப்பு இல்லாத தோள்மூட்டு நழுவி, மாதக்கணக்கில் வலி தருகிறது. படுத்திருப்பவர் வாயில் பரிவோடு தண்ணீர் ஊற்றுகிறோம். விழுங்கும் திறன் குறைந்தவருக்கு அது நுரையீரலுக்குள் போகிறது. சட்டை போடும்போது பாதித்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தைக் கற்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று. இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குத் தூக்கிச் செல்வதைத்தான் மகனின் கடமை என்று ஊர் மெச்சுகிறது.

பக்கத்துப் படுக்கையில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண்மணி இருந்தார். மூன்றாவது வாரம் அவர் கணவர் வந்து, “வீட்டுல சிரமமா இருக்கு” என்று அழைத்துப் போய்விட்டார். அவர் அப்போதுதான் கைப்பிடியைப் பற்றி நிற்கத் தொடங்கியிருந்தார். அப்பா விழுந்தால் அவரை எழவே விடாமல் தாங்குகிறோம். அம்மா விழுந்தால் அடுப்படிக்கு எப்போது திரும்புவாள் என்று நாட்களை எண்ணுகிறோம். இரண்டையும் நாம் அன்பு என்ற ஒரே பெயரால்தான் அழைக்கிறோம்.

ஏழு வாரம் விடுப்பு எடுக்கவும் செலவழிக்கவும் உன்னால் முடிந்தது, எல்லோராலும் முடியுமா என்று கேட்பார்கள். முடியாது. என் காப்பீட்டு நிறுவனமே, இது சிகிச்சை அல்ல, உடற்பயிற்சி என்று கூறிப் பணம் தர மறுத்தது. ஆனால் முடியாது என்பது கேள்வியை விட்டுவிடுவதற்கான காரணமாகாது. 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். வேலூரில் அவர் முன்னின்று உருவாக்கிய உள்நோயாளி மறுவாழ்வு நிலையம் 1966இல் திறக்கப்பட்டது. அதாவது இது நமக்கு அந்நியமான, நேற்று இறக்குமதியான சங்கதி அல்ல. ஐம்பதாண்டுகளுக்கு மேலாக நம் மண்ணிலேயே இருக்கிறது. டோரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்கர் 1963இலேயே அவர் வாழ்க்கையை நூலாக எழுதிவிட்டார். நம் புனைகதையில் அப்படியொரு பாத்திரத்தை நான் இன்னும் சந்திக்கவில்லை.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறை மருத்துவத்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் அது வீடு வந்து சேர்ந்தவருக்கானது. வீட்டுக்கு வருமுன் தங்கிப் பயில ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் சில படுக்கைகள், உடனிருப்பவருக்கு ஒரு பாய், கற்றுத்தர ஆட்கள். கேட்பது இவ்வளவுதான். இதய அறுவைக்கு உரக்கக் கேட்கும் நாம் இதற்கு முணுமுணுப்பதுகூட இல்லை.

வீடு திரும்புவதற்கு முந்தைய வாரம் அந்தப் பெண் என்னை வீட்டுக்கு அனுப்பி அளவெடுத்து வரச் சொன்னாள். குளியலறை வாசல் இருபத்து நான்கு அங்குலம். சக்கர நாற்காலி இருபத்தைந்து. ஒரே ஓர் அங்குலம். நிலையைப் பெயர்த்து, வாசற்படியைச் சரிவாக்கி, சுவரில் கைப்பிடிக் கம்பி பதிக்கக் கொத்தனார் நான்கு நாட்கள் எடுத்துக்கொண்டார். அம்மா அந்தக் கம்பிகளைப் பார்த்து, “வீடா ஆஸ்பத்திரியா இது?” என்றார்.

இப்போது அப்பா காலையில் தாமே எழுந்து, நான்கு கால் ஊன்றுகோலோடு அந்தக் கம்பிவரை போகிறார். பத்து நிமிடம் ஆகிறது. அம்மா ஒவ்வொரு நாளும் பாதி எழுவார். நான் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டுவேன். அதற்காக அவர் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.