பெரட்டலுக்கு எதற்குச் செட்டிநாட்டுப் பெயர்?

சிலாங்கூர் வாழையிலைக் கடைகளில் ஆட்டுக்கறிப் பெரட்டலுக்குப் பெயர்சூட்டு விழா நடந்து முடிந்துவிட்டது. பட்டியலைப் பாருங்கள்: ‘செட்டிநாடு மட்டன்’. கோலசிலாங்கூரிலிருந்து செகிஞ்சான் போகிற வழியில் ஒரு கடைக்காரரைக் கேட்டேன். “அப்படிப் போட்டாத்தான் விக்குதுங்க” என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, பிழைக்க வந்தவர். தமிழ்நாட்டுக்கு ஒரு சுற்றுலா போய்வந்து, “நம்ம ஆளுங்க மட்டன்ல கிச்சாப் ஊத்துறாங்க, அதெல்லாம் ஒரிஜினல் இல்ல” என்று உதடு சுழிக்கிறார்களே நம் படித்தவர்கள், கோபம் அவர்கள்மேல்தான்.

எது ஒரிஜினல்? செட்டியார்கள் மலாயாவுக்கு வட்டித் தொழில் செய்ய வந்தார்கள். சிலர் தோட்டம் வாங்கி முதலாளியும் ஆனார்கள். பால்மரம் சீவ வந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கத்து ஏழைகள். கங்காணியிடம் கடன்பட்டுக் கப்பலேறியவர்கள். உதவிக் கப்பல் கட்டணத்தோடு கூலிகளை அனுப்புவதை 1938இல் இந்திய அரசு நிறுத்தும்வரை இப்படித்தான் வந்தார்கள். லயத்து அடுப்பில் அவர்கள் வேகவைத்த கறிக்கு இன்று இரும்புப் பெட்டி வைத்திருந்தவரின் பெயர்! கல்பாசியும் மராட்டி மொக்கும் கண்ணால் பார்க்காத குழம்பைச் செட்டிநாடு என்பது அந்தச் சமையலுக்கும் மரியாதை இல்லை.

கிச்சாப் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. தோட்டத்து முனையில் இருந்த சீனர் மளிகைக்கடையில் கணக்குப் புத்தகத்தில் எழுதிக் கடனுக்கு வாங்கிய சாமான்களில் அதுவும் ஒன்று. பக்கத்துவீட்டுப் பொருளைத் தன் சட்டிக்குள் கொண்டுவந்தவர்களின் சமையல் இது. அதைக் கலப்படம் என்று சொல்பவர்கள், மிளகாயே அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக வந்தது என்பதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பெரட்டலைச் சமைக்கத் தெரிந்தவர்களுக்கு அதன் நியாயம் தெரியும். ஒரு கிலோ எலும்போடு கூடிய கறிக்கு அரைக் கிலோ வெங்காயமாவது வேண்டும். பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ எண்ணெயில் பொரிந்ததும் வெங்காயம். அது சுருண்டு நிறம் மாறும்வரை அவசரப்படக் கூடாது. பிறகு இஞ்சி பூண்டு, கறித்தூள், கறி. முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, கறியே தண்ணீர் விடும். அது வற்றியபின் கொஞ்சம் கொஞ்சமாகச் சுடுதண்ணீர். இரண்டு மணி நேரம், சிறுதீ. கிழட்டு ஆடு என்றால் இன்னும் கூடும். கறியைக் கட்டிப்பிடித்திருக்கும் ஜவ்வு மெல்லக் கரைந்து குழம்போடு சேர்வதற்குத்தான் இந்த நேரம். கடைசியில் கறிவேப்பிலை, ஒரு கரண்டி கிச்சாப், எண்ணெய் பிரியும்வரை பெரட்டல். குக்கரில் கறி அரை மணியில் வெந்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் மூடிய பாத்திரத்தில் தண்ணீர் வற்றாது, மசாலா கறியில் ஒட்டாது. திறந்து இன்னொருமுறை அடுப்பில் வைத்துப் பெரட்டியே ஆகவேண்டும். அதைச் செய்யாமல் கறித்தூளும் தேங்காய்ப்பாலும் கொட்டிக் கெட்டியாக்குவதுதான் கடைத் தந்திரம்.

அதற்காக ‘பாட்டி கைமணம்’ என்று கண்ணீர் விடவும் நான் தயாரில்லை. பாட்டி விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க நின்றவள் (பெரட்டும் பெரட்டலும் ஒரே வாயில் புழங்கிய சொற்கள்). மத்தியானம்வரை மரம் சீவி, பால் தூக்கி, பிறகு அடுப்படிக்கு வந்தவள். முனியாண்டிக்குக் கிடா வெட்டினால், தீபாவளி வந்தால்தான் ஆட்டுக்கறி. அந்த இரண்டு மணி நேரம் அவளுக்குப் பாரம்பரியம் இல்லை, இன்னொரு ஷிப்ட். ரப்பர் விறகு காசில்லாமல் கிடைத்ததால் அடுப்பு எரிந்தது.

அந்த விறகும் போனது. பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் ஹென்றி ஃபோகோனியே நட்டதுதான் நாட்டின் முதல் வணிகச் செம்பனை. பின்னால் ரப்பர் இருந்த இடங்களையெல்லாம் அது தின்றது. செம்பனை மட்டை ரப்பர் கட்டைபோல் நின்று எரியாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் ஜனங்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். ஆடு கட்ட இடமில்லை. உறைந்த ஆஸ்திரேலியக் கறியை வாங்கி, கேஸ் அடுப்பில் அதே பெரட்டலைச் செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். வீடு, விறகு, ஆடு எல்லாம் போனபிறகும் கையோடு கொண்டுவந்தது இது ஒன்று. அதன் பெயரையும் எடுத்துக் காரைக்குடிக்குக் கொடுத்துவிட்டால் எப்படி?

பலகையில் ‘தோட்டத்துப் பெரட்டல்’ என்று எழுதுங்கள். கிச்சாப் ஊற்றுவதையும் சேர்த்தே எழுதுங்கள். விற்காது என்கிறீர்களா? ஒரு மாதம் எழுதிவைத்துப் பாருங்கள், முதல் ஆளாக நானே வந்து சாப்பிடுகிறேன்.