அடித்தட்டுக்காரன் சொன்ன கடல்

கப்பல் கதை என்றாலே கேப்டன் எழுதியதுதானா? அடியில் கரி அள்ளினவன் என்ன சொன்னான்?

பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்து லண்டனில் ஒதுங்கிய சில்ஹெட் கிழவர்களின் நினைவுகளை 1987இல் கரோலின் ஆடம்ஸ் புத்தகமாக்கினார். கொதிகலனுக்குத் தீ போடுகிறவன் 'ஆக்வாலா'. பெயர் போய் வேலையே பெயராச்சு. நமக்குத் தெரியாத கதையா இது?

வெள்ளை மாலுமிக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்கோ அதிலும் குறைவோதான் கூலி. அந்த வேலைக்கும் கல்கத்தாவில் சாரங்குக்கு லஞ்சம் அழணும். உறிஞ்சியவன் துரை மட்டுமல்ல, சொந்த நாட்டுக்காரனும்தான். 1939இல் போர் தொடங்கியதும் இந்த லஸ்கர்கள் வேலைநிறுத்தம் செய்தே கூலியை உயர்த்தினார்கள்.

'கடலில் எல்லாரும் ஒண்ணு' என்று பாடுகிறவர்கள் கொதிகலன் அறைக்கு இறங்கிப் பார்த்ததில்லை.

ஒருத்தர் போய்க் கேட்டதால் அது எழுத்தாச்சு. நம் தெருக் கிழவர்களிடம் யார் போவது?