கொடியைப் பிடிக்க மறுத்த கை

“விளையாட்டுக்குள் அரசியலைக் கொண்டு வராதீர்கள்” என்ற உபதேசத்தை எப்போதும் ஒரு தரப்பிடம்தான் சொல்கிறார்கள். கேலரியில் ஏற்கெனவே கொடியோடு உட்கார்ந்திருப்பவர்களிடம் யாரும் சொல்வதில்லை. அவர்கள் செய்வது அரசியல் இல்லையாம். கல்லூரிப் பற்றாம், மரபாம், தாத்தா காலத்துப் பழக்கமாம்.

இந்தக் கல்லூரிப் பற்று எந்த மண்ணால் பிசைந்தது என்று பார்க்க அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தைவிட நல்ல இடம் இல்லை. அங்கே கல்லூரியின் கால்பந்து அணி ஆடும் சனிக்கிழமை ஊர்த் திருவிழா மாதிரி. (நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு முட்டி மோதி ஓடும் அமெரிக்க ஆட்டம்.) பேண்டு வாத்தியம், சியர்லீடர்கள், மாஸ்கட் வேடம், ஒரே நிறச் சட்டையில் பல்லாயிரம் மாணவர்கள், காசோலைப் புத்தகத்தோடு வரும் முன்னாள் மாணவர்கள் என்று எல்லாம் உண்டு.

பல்கலைக்கழகத்தின் செல்லப்பெயர் ‘ஓல் மிஸ்’. 1897இல் வெளிவந்த மாணவர் ஆண்டு மலருக்காகத் தேர்ந்தெடுத்த பெயர் அது. பண்ணை முதலாளியின் மனைவியை அடிமைகள் அழைத்த சொல். 1936இல் அணிக்கு ‘ரெபெல்ஸ்’, அதாவது கலகக்காரர்கள் என்று பெயர் வந்தது. எதை எதிர்த்துக் கலகம்? அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ள 1861இல் பிரிந்துபோய்ப் போர் தொடுத்தார்களே தென்மாநிலத்துக்காரர்கள், அந்தக் கலகம். மாஸ்கட், பண்ணையார் தோரணையில் நிற்கும் ‘கர்னல் ரெப்’. பேண்டு வாசித்தது அந்தத் தென்மாநிலங்களின் பாட்டான ‘டிக்ஸி’.

கான்ஃபெடரேட் கொடி? அந்தப் போர் முடிந்தது 1865இல். கொடி கேலரியை நிறைக்கத் தொடங்கியது 1948 வாக்கில். கறுப்பின மக்களுக்கு உரிமைகள் கிடைத்துவிடுமோ என்று பயந்து தெற்கத்தி வெள்ளை அரசியல்வாதிகள் தனிக்கட்சி கண்ட ஆண்டு அது. மரபு என்று சொல்லப்படுவதன் பிறந்த தேதியைக் கேட்டுப் பாருங்கள் தோழர்களே, பெரும்பாலும் யாருக்கோ உரிமை வரப்போன காலமாகத்தான் இருக்கும்.

1962 செப்டம்பர் 29. ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. ஜாக்சன் நகரில் கென்டக்கி அணியோடு ஆட்டம். இடைவேளையில் ஆளுநர் ராஸ் பார்னெட் மைதானத்துக்குள் வந்து, மிசிசிப்பியை நேசிக்கிறேன், அதன் மக்களை நேசிக்கிறேன், அதன் பழக்கவழக்கங்களை மதிக்கிறேன் என்று முழங்கினார். மெரிடித்தின் பெயரைக்கூடச் சொல்லத் தேவைப்படவில்லை. கொடிகள் அலையடித்தன. மறுநாள் இரவு பல்கலைக்கழக வளாகத்தில் கலவரம். இரண்டு பேர் செத்தார்கள், அவர்களில் ஒருவர் பிரெஞ்சுப் பத்திரிகையாளர். ஒரே ஒரு மாணவரை வகுப்பறையில் உட்கார வைக்க ராணுவம் வர வேண்டியிருந்தது. அணி அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கும் பெருமையாகப் பேசப்படும் சாதனை அது.

இருபது ஆண்டு கழித்து, 1982இல், ஜான் ஹாக்கின்ஸ் அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் கறுப்பின சியர்லீடர் ஆனார். கான்ஃபெடரேட் கொடியைக் கையில் ஏந்தி மைதானத்தில் ஓடுவது சியர்லீடர்களின் வேலைகளில் ஒன்று. அவர் மாட்டேன் என்றார். அவ்வளவுதான் அவர் செய்தது. கல்லூரிக்காகக் கத்தத் தயார், குதிக்கத் தயார். தன் முன்னோரை விற்றவர்களின் கொடியைப் பிடிக்கத் தயாரில்லை. உடனே அவருடைய பற்று கேள்விக்கு உள்ளானது. கொடி பிடித்த ஆயிரக்கணக்கானோரின் பற்றை எவரும் கேள்வி கேட்கவில்லை. மறுத்த ஒரு கைதான் ‘பிரிவினை’ ஆனது. 1983இல் நிர்வாகம் அந்தக் கொடியிலிருந்து அதிகாரபூர்வமாக விலகிக்கொண்டது. கேலரி விலகவில்லை.

“எங்களுக்கு நிறவெறி இல்லை, எங்கள் கறுப்பின வீரர்களை நாங்கள் எவ்வளவு நேசிக்கிறோம் தெரியுமா” என்பது அடுத்த வாதம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் அந்த நேசம் பொய்யில்லை. 1972இல் அணிக்காகக் களமிறங்கிய பென் வில்லியம்ஸை மூன்று ஆண்டு கழித்து மாணவர்கள் தேர்தலில் ‘கர்னல் ரெபெல்’ பட்டம் கொடுத்துக் கொண்டாடினார்கள். 1989 அக்டோபரில் சக்கி மலின்ஸ் என்ற இளைஞர் எதிரணி வீரரை மறித்து மோதியபோது கழுத்தெலும்பு நொறுங்கி, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. அதே ரசிகர்கள் அவருக்காக 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 1991இல் அவர் இறந்தபோது அழுதார்கள். அந்த ஆண்டுகளிலும் கேலரியில் கான்ஃபெடரேட் கொடி பறந்துகொண்டுதான் இருந்தது.

இந்த இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படிக் குடியிருக்கின்றன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டாம். வேலைக்காரர் பிள்ளையின் படிப்புக்குப் பணம் கொடுத்துவிட்டு, வீட்டில் தனி டம்ளர் வைத்திருக்கும் ‘நல்ல மனுஷர்களை’ நாம் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். அடிபட்டவனுக்குக் கண்ணீர் கிடைக்கும், ஜெயித்துக் கொடுத்தவனுக்குப் பட்டமும் கிடைக்கும். அந்தக் கொடி என்னை அவமதிக்கிறது என்று அவன் சொன்னால் மட்டும் காது அடைத்துவிடும்.

மாற்றம் வந்தது. ஆனால் நெஞ்சு உருகி வந்ததல்ல. 1997இல் பயிற்சியாளர் டாமி டியூபர்வில், கொடிகளைக் கொண்டுவராதீர்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். அந்தக் கொடி பறந்தால் நல்ல கறுப்பின வீரர்களைச் சேர்க்க முடியவில்லை என்பது அவருடைய கவலை. (மனிதர் பின்னாளில் ட்ரம்ப் கட்சியின் செனட்டர் ஆனவர். சமத்துவப் போராளி என்று நினைத்துவிட வேண்டாம்.) கருத்துரிமைச் சட்டம் இருப்பதால் கொடியைத் தடைசெய்ய முடியாது. எனவே நிர்வாகம் குச்சியைத் தடைசெய்தது! பாதுகாப்புக் காரணம் என்று சொல்லி, குடையோடு சேர்த்து, மைதானத்துக்குள் குச்சி கூடாது என்றார்கள். வழக்குப் போட்டும் தடையை உடைக்க முடியவில்லை. நூறு உருக்கமான உரைகள் சாதிக்காததைக் குச்சித் தடை சாதித்தது.

கொடி போனதும் பற்று வேறு வழி கண்டுபிடித்தது. பேண்டு வாசிக்கும் பாட்டு முடியும் இடத்தில், ‘தெற்கு மீண்டும் எழும்’ என்று மாணவர்கள் கூச்சலிட ஆரம்பித்தார்கள். நம்மூரில் ‘ஆண்ட பரம்பரை’ என்று பனியன் அச்சடிக்கிறவர்களுக்கு இதன் பொருள் சட்டென்று புரியும். 2009இல் அந்தப் பாட்டையே நிறுத்தினார்கள். எதிர்ப்புத் தெரிவிக்க கு க்ளக்ஸ் க்ளான்காரர்கள் அங்கியோடு வளாகத்துக்கு வந்தார்கள். ‘வெறும் ஆட்டப் பாட்டுதானே’ என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள், தங்களுக்காக வாதாட யார் வந்து நிற்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தார்கள்.

இங்கே 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதி காட்டும் கலர் கயிறுகளைக் கட்டக் கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. உடனே அது மத நம்பிக்கை, பண்பாடு என்று கூச்சல் கிளம்பியது. அங்கே குச்சி, இங்கே கயிறு. மாணவர் கையில் இருப்பது சின்னப் பொருள்தான். அதைப் பிடுங்கப் போனால் ஊரே ஏன் எழுந்து நிற்கிறது?

2019 பிப்ரவரியில் கான்ஃபெடரேட் ஆதரவாளர்கள் பல்கலைக்கழக ஊருக்குள் ஊர்வலம் வந்த நாளில், ஓல் மிஸ் கூடைப்பந்து வீரர்கள் எட்டுப் பேர் தேசிய கீதத்தின்போது மண்டியிட்டார்கள். 2020 ஜூனில் பக்கத்திலுள்ள மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கால்பந்து வீரர் கைலின் ஹில், கான்ஃபெடரேட் சின்னம் தாங்கிய மாநிலக் கொடியை மாற்றாவிட்டால் இந்த மாநிலத்துக்காக இனி ஆடமாட்டேன் என்று அறிவித்தார். கல்லூரி விளையாட்டு அமைப்புகளும் சாம்பியன்ஷிப் போட்டிகளைத் தரமாட்டோம் என்று நெருக்கின. 126 ஆண்டு பறந்த கொடியை அந்த மாத இறுதிக்குள் சட்டமியற்றி இறக்கினார்கள். இத்தனைக்கும் 2001இல் அதே மாநில மக்கள் வாக்கெடுப்பில் அந்தக் கொடியே இருக்கட்டும் என்று தீர்ப்பளித்திருந்தார்கள்.

கர்னல் ரெப் 2003இலேயே களத்தைவிட்டுப் போய்விட்டார். ‘டிக்ஸி’ 2016இல் நின்றது. அணியின் பெயர் இன்னும் ரெபெல்ஸ்தான். பண்ணையார் மனைவியின் பெயர் பல்கலைக்கழகத்தின் இணைய முகவரியிலேயே இருக்கிறது; அந்தப் பெயரை நெஞ்சில் போட்டுக்கொண்டுதான் கறுப்பின இளைஞர்கள் இந்த ஆண்டும் களமிறங்குகிறார்கள்.