பரீட்சை எழுதுவதும் அவரே, பேப்பர் திருத்துவதும் அவரே!

பரீட்சை எழுதுபவரே பேப்பரையும் திருத்தினால் யாருக்குத்தான் ஃபெயில் மார்க் விழும்? சிரிக்காதீர்கள். இங்கிலாந்தில் இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களுக்கான சிகிச்சையின் தரம் ஏறக்குறைய இப்படித்தான் அளக்கப்படுகிறது.

முதலில் கதைச் சுருக்கம். 2007ல் அங்கே இடுப்பெலும்பு முறிவுக்கென்று ஒரு தேசியப் பதிவேடு தொடங்கியது. ஆண்டுக்கு 60 ஆயிரத்துக்கும் அதிகமான நோயாளிகளின் விவரங்கள் அதில் ஏறுகின்றன. 2010 ஏப்ரலில் அரசு இதோடு ஓர் ஊக்கத்தொகையைச் சேர்த்தது. நோயாளி வந்த 36 மணி நேரத்துக்குள் ஆபரேஷன், 72 மணி நேரத்துக்குள் முதியோர் நல மருத்துவரின் பரிசோதனை, இன்னும் சில நிபந்தனைகள். எல்லாம் நிறைவேறினால் கூடுதல் பணம். ஒன்று தவறினாலும் கிடையாது. ஒரு கட்டத்தில் இந்தத் தொகை நோயாளி ஒருவருக்கு 1,335 பவுண்டு!

நல்ல திட்டமா? சந்தேகமே வேண்டாம். பதிவேட்டில் சேர்ந்த மருத்துவமனைகளில் 2007ல் 10.9 சதவீதமாக இருந்த 30 நாள் இறப்பு விகிதம் 2011ல் 8.5 ஆகக் குறைந்தது. ஆகவே இதை மூடு என்று யாரும் சொல்லவில்லை. கேள்வி ஒன்றுதான். "36 மணிக்குள் முடிந்தது" என்று எழுதுவது யார்? பணம் வாங்கும் அதே மருத்துவமனை!

கல்லாவில் இருப்பவரும் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. பி.காம் முதல் வருடப் பாடம் இது. அவர் திருடர் என்பதால் அல்ல, மனிதர் என்பதால். 35 மணி 50 நிமிடத்துக்கு முழுப் பணம், 36 மணி 10 நிமிடத்துக்குப் பூஜ்யம் என்று கோடு போட்டுவிட்டு, கடிகாரத்தையும் அவர் கையிலேயே கொடுத்தால் என்ன ஆகும்? மயக்க மருந்து தொடங்கிய நேரத்தைத் தியேட்டர் ரெஜிஸ்டரைப் பார்த்து எழுதினார்களா, குத்துமதிப்பாகவா?

"இறப்பை மறைக்க முடியாதே" என்பார்கள். உண்மை. இறந்த தேதி வெளியே, அரசுப் பதிவிலிருந்து வருகிறது. ஆனால் மருத்துவமனைகளை ஒப்பிடும்போது நோயாளி ஏற்கெனவே எவ்வளவு பலவீனமாக இருந்தார் என்பதையும் கழித்துப் பார்க்கிறார்கள். மயக்க மருத்துவர் போடும் ஏஎஸ்ஏ கிரேடு அதில் ஒன்று. ஒரே நோயாளிக்கு ஒருவர் 3 போடுவார், இன்னொருவர் 4 போடுவார். இருவருமே நேர்மையானவர்கள்தான். ஆனால் தாராளமாக 4 போடும் மருத்துவமனை பட்டியலில் மேலே ஏறும், கறாராக 3 போடுவது கீழே இறங்கும். தரம் ஒன்றுதான், பேனா வேறு.

வெளியாள் பார்த்தால் என்ன தெரியும்? இங்கிலாந்தின் ஆடிட் கமிஷன் 2007-08ல் மருத்துவமனைகளின் எல்லாவகைச் சிகிச்சைப் பதிவுகளிலும் மாதிரி எடுத்துச் சரிபார்த்தது. நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பதிவுகள் தவறான கட்டணப் பிரிவில் இருந்தன. அந்தக் கமிஷனையே 2015ல் மூடிவிட்டார்கள்!

செய்ய வேண்டியது பெரிய மந்திரம் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை, வெளியாள் ஒருவர், ஒவ்வொரு மருத்துவமனையிலும் நூறு கேஸ் ஷீட்டை எடுத்துப் பதிவேட்டோடு டிக் அடித்துப் பார்க்கட்டும். எத்தனை தப்பு என்பதையும் தரப்பட்டியலுக்குப் பக்கத்திலேயே அச்சிடட்டும். சோப்புக் கம்பெனியின் லாபக் கணக்குக்கே ஆடிட்டர் கையெழுத்து கேட்கிற உலகம் இது. இடுப்பு முறிந்து கட்டிலில் காத்திருக்கும் எண்பது வயதுப் பாட்டியின் 36 மணி நேரத்துக்குக் கேட்கக் கூடாதா?