பேய் வீட்டுக்குள் நுழைபவர் யார்?

மேல் வகுப்பு மாணவன் ஒருவன் சென்ற தவணையில் தான் எழுதிய கதையொன்றைக் கொண்டுவந்து தந்தான். பாழடைந்த மாளிகை, நள்ளிரவு பன்னிரண்டு மணி, ஆந்தையின் அலறல், சலங்கையொலி, வெண்சேலை உடுத்த உருவம்: ஒன்றிலும் குறைவில்லை. அச்சம் ஒன்றுதான் வரவில்லை. பாவம், பையன் இரண்டு கொப்பிகளை நிரப்பியிருந்தான்.

பேய் வீட்டுக் கதை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பேயைப் பற்றியே கவலைப்படுகின்றனர். அவ்வீட்டுக்குள் நுழைகின்ற மனிதர் யார், அவர் எதனைச் சுமந்துகொண்டு வருகின்றார் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வகைக் கதைகளுள் தலைசிறந்ததென நான் கருதுவது, அமெரிக்க எழுத்தாளர் ஷேர்லி ஜக்சன் 1959இல் வெளியிட்ட ஹில் ஹவுஸ் மாளிகையைப் பற்றிய நாவலாகும். அதன் நாயகி எலினோருக்கு வயது 32. நோயாளியான தாய்க்குப் பணிவிடை செய்து பதினொரு ஆண்டுகளைக் கழித்தவள். தாய் இறந்தபின் தனக்கென ஒரு வீடில்லை. சகோதரியின் குடும்பத்தோடு ஒட்டி வாழ்கிறாள். ஆவிகளை ஆராயும் கலாநிதி ஒருவரின் அழைப்பை ஏற்று அம்மாளிகைக்கு வருகிறாள். அங்கே எல்லாக் கோணங்களும் இம்மியளவு பிசகிக் கட்டப்பட்டவை. திறந்துவைத்த கதவுகள் தாமே மூடிக்கொள்கின்றன.

ஓரிரவு ஏதோவொன்று கதவுகளைப் பலமாகத் தட்டிக்கொண்டு வருகிறது. அரைத் தூக்கத்திலிருந்த எலினோர், தாய்தான் அழைக்கிறாள் என்றெண்ணிப் பதில் கொடுத்தபடி எழுகிறாள். காரணம் பின்னரே நமக்குத் தெரிய வருகிறது. தாய் இறந்த இரவில் சுவரைத் தட்டி அழைத்திருக்கிறாள், மகள் போகவில்லை. உறங்கிவிட்டாளா, அல்லது கேட்டும் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாளா? அது அவளுக்கே தெரியவில்லை.

நோயாளியை வைத்துப் பராமரித்தவர் எவரும் இந்த இடத்தை எளிதிற் கடந்து செல்லமாட்டார். என் தாயாரின் கடைசி மாதங்களில் அவரது கட்டிலருகே சிறிய பித்தளை மணியொன்று இருந்தது. அதன் ஒலியைக் கேட்டும் கேளாதவன்போல் நான் படுத்திருந்த இரவுகள் உண்டு. அந்நாவலை நான் வாசித்தது அவர் காலமான பின்னர்தான்.

தட்டியது பேயா, மனச்சாட்சியா என்று ஜக்சன் இறுதிவரை தீர்ப்புக் கூறவில்லை. 1963இல் ரொபர்ட் வைஸ் இதனைப் படமாக்கியபோது பேயை ஒருமுறையேனும் காட்டவில்லை. கனத்த மரக்கதவொன்று மெல்ல உட்புறமாக வீங்குவதைக் காட்டினார், அதுவே போதுமாயிருந்தது. ஹென்றி ஜேம்ஸ் 1898இல் எழுதிய குறுநாவலிலும் இதே ஐயம் உண்டு. அதில் வரும் ஆசிரியை கண்ட உருவங்கள் மெய்யா, அவளது மனமயக்கமா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். நமது புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. நள்ளிரவில் எழுந்து மறையும் பிணவாடைக்கு அவர் விளக்கம் கூறியிருந்தால் அக்கதையை நாம் என்றோ மறந்திருப்போம்.

ஐயத்தில் விட்டுவிட்டாற் போதும் என்று எண்ணிவிடலாகாது. எழுதத் தெரியாதவனும் ஐயத்தில்தான் விடுகிறான்! நுழைந்தவரின் நெஞ்சில் ஒரு புண் இருத்தல் வேண்டும். வீடு அதனைக் கண்டுபிடித்துத் தொடுதல் வேண்டும்.

இவற்றையெல்லாம் அப்பையனுக்கு நான் உபதேசிக்கவில்லை. "இந்த வீட்டுக்குள் போகிறவன் யார்?" என்று மாத்திரம் கேட்டுக் கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டு வாரங்களின் பின் நான்கு பக்கங்களோடு வந்தான். ஆந்தையும் வெண்சேலையும் போய்விட்டன. விறாந்தையிலே ஒரு சாய்மனைக் கதிரை. வீட்டார் அதனைச் சுற்றிக்கொண்டு நடக்கின்றனர். ஒருவரும் அதில் அமர்வதில்லை, அகற்றுவதுமில்லை.

"யாருடைய கதிரை?" என்றேன்.

"அப்பப்பான்ரை, சேர்" என்று சொல்லிவிட்டு வேறெங்கோ பார்த்தான்.

அன்றிரவு அதனை மீண்டும் ஒருமுறை வாசித்தேன். விளக்கை அணைக்கச் சற்று நேரமாயிற்று.